போசியில் என்ன வந்தது

காலை பத்து மணிக்குள் மூன்று வண்டிகள் வந்து போய்விட்டன. நான்காவது வண்டி தலைச்சோலை வளைவில் ஹாரன் அடித்தபோதே மாரிசாமி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். முப்பத்தாறு வருஷம் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். இருநூறு ஆட்களை ஒரு செருமலில் நிமிர்த்தியவர். அறுபத்தெட்டு வயதில் தன் வீட்டுக் கேட்டிலேயே வாட்ச்மேன் மாதிரி நிற்கும்படி ஆகிவிட்டது.

வேனிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லார் சட்டையிலும் செத்துப்போன நடிகர் உதயசீலனின் படம் குத்தியிருந்தது.

"ஐயா, ராசாத்தி வீடு இதானே?"

"ராசாத்தின்னு இங்க யாரும் இல்லீங்க."

"அதைத்தான் பஸ் நிறுத்தத்துல பேனர்லயே போட்டிருக்கீங்களே. கதவு நம்பரோட."

"இல்லைன்னுதானே போட்டிருக்குது? பொறவு எதுக்கு வாரீங்க?"

"இல்லாத வீட்டுக்கு யாருங்கய்யா பேனர் வைப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் கேட்டின் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்னொருத்தன் வேலியோரக் காப்பிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளிப் பர்ஸுக்குள் பத்திரப்படுத்தினான். வீட்டுக்குள் சன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஏழெட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

"அம்மா உள்ளதான் இருக்காங்க!" என்று ஒருத்தன் குரல் தழுதழுக்கச் சொன்னான்.

 மாரிசாமியால் அடிக்கவும் முடியவில்லை, விரட்டவும் முடியவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு புத்தகம். மூன்று மாதம் முன்பு ஏற்காடு கடைவீதியில் மிளகும் தேனும் விற்கிற அமீர் ஜான்தான் அதை முதலில் காட்டினார். "அண்ணா, உங்க ஊட்டைப் பத்தி எழுதியிருக்குதுங்க. எங்க பொண்ணு சனா படிச்சுப்போட்டு ரெண்டு நாளாச் சோறு திங்காம அழுவறா" என்று சொல்லி, கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். 'பனிக்குள் ஒருத்தி' என்று பெயர். எழுதியவர் சேலத்துக் கல்லூரி ஆசிரியை ஹேமலதா. நாவல் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

கதை இதுதான். ஒரு பெரிய நடிகர் படப்பிடிப்புக்காக ஒரு மலைக்கு வருகிறார். எஸ்டேட் பங்களாவில் தங்குகிறார். ஐப்பசி அடைமழையில் காய்ச்சலில் விழுகிறார். மலைப்பாதையில் மண் சரிந்து, சமையல்காரன் வர வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ராசாத்தி ஆறு நாளும் தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை அல்லவா? நாலு வெற்றிலையாவது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். அந்த நடிகர் போசிக்குள் கடிதம் போட்டு அனுப்புகிறார். ஆறு நாளுக்கு ஆறு கடிதம். ஏழாம் நாள் பாதை திறந்ததும் போய்விடுகிறார். சாகிறவரைக்கும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

உதயசீலனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உதயசீலனும் எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஏற்காட்டில் மழையில் மாட்டிக்கொண்டார். அவருக்குக் கஞ்சி போனது மாரிசாமியின் வீட்டிலிருந்து. போசியைத் தூக்கிக்கொண்டு போனது அவருடைய தங்கை ராஜேஸ்வரி. அப்போது அவளுக்கு இருபது வயது.

படித்து முடித்த அன்று மாரிசாமி வீட்டுக்கும் கேட்டுக்குமாக எத்தனை தடவை நடந்தாரோ, அவருக்கே தெரியாது. அவர் வம்சத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வாய் ஒரு சொல் சொன்னதில்லை. ராஜேஸ்வரியைக் கட்டிக்கொண்டவர் பதினோரு வருஷம் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவளைப் பற்றி அச்சுப் போட்டு விற்கிறார்கள்.

என்ன செய்வது என்று ராஜேஸ்வரியிடம் கேட்டார். "ஒண்ணும் செய்ய வேண்டாமுங்கண்ணா. மழை மாதிரி பெஞ்சு ஓஞ்சு போயிரும்" என்றாள்.

அவருக்கு ஓயும்வரை பொறுக்க முடியவில்லை. சேலத்துக்கு இறங்கிப்போய் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்து வந்தார். "பனிக்குள் ஒருத்தி என்ற நாவலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதில் வரும் ராசாத்தி இங்கு இல்லை. இப்படிக்கு, மாரிசாமி, சூப்பர்வைசர் ஓய்வு" என்று எழுதி, கதவு இலக்கத்தையும் போடச் சொன்னார். முகவரி இல்லாமல் மறுப்புச் சொல்வது மொட்டைக் கடிதம் மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். எதையும் கையெழுத்துப் போட்டுச் செய்து பழகியவர்.

பேனர் கடைக்காரனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "படம் ஒண்ணும் இல்லாம வெறும் எழுத்தா இருந்தா யாருங்க நின்னு படிப்பாங்க?" என்று கேட்டு, ஒரு பக்கம் உதயசீலன் கும்பிடுகிற மாதிரி படத்தை அவனாகவே சேர்த்துவிட்டான். அதைப் பஸ் நிறுத்தத்தில் கட்டி நாலே நாளில் முதல் கார் வந்தது. அதுவரைக்கும் ராசாத்தி எந்த வீட்டில் இருந்தாள் என்று வெளியூரில் ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போது ராஜேஸ்வரி வாசலுக்கு வருவதில்லை. அவள் வளர்த்த மிளகுக் கொடிக்கு அவளே போவதில்லை. புதன்கிழமை தவறாமல் ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறவள், இரண்டு மாதமாக வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. நேற்று ராத்திரிச் சோறு போடும்போது திடீரென்று சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை காயத்ரி வர்றாளுங்க. அவகூடத் திருப்பூர் போயர்றேன்."

மாரிசாமி சோற்றிலிருந்து கையை எடுத்தார். புருஷன் போன புதிதில் மகள் காயத்ரி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று அழுதுகொண்டு அண்ணன் வீட்டுக்கே மலையேறி வந்தவள் அவள். இந்த மண்ணை விட்டு இனிப் போக மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதும் அவள்தான்.

"உன்ற ஊட்டை விட்டு நீ எதுக்குப் போகோணும்?"

"என்ற ஊடு மாதிரியா இருக்குது இது? கண்காட்சி மாதிரி இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வேன் போனதும் மாரிசாமி பஸ் பிடித்து சேலத்துக்குக் கிளம்பினார்.

முதலில் வக்கீல் ஜாபெஸைப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடி வைத்தார்.

"வழக்குப் போடலாமுங்க. செத்துப்போன நடிகருக்கு இல்லாத உரிமை உயிரோட இருக்கற உங்க தங்கச்சிக்கு இருக்குது. ஆனா கதையில வர்ற பொண்ணு எங்க ஊட்டுப் பொண்ணுதான்னு முதல்ல நீங்கதான் நிரூபிக்கோணும். நடந்துச்சா, நடக்கலையான்னு அம்மாவைக் கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பார். பேப்பர்காரங்க முன் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. சம்மதமுங்களா?"

மாரிசாமி எழுந்துகொண்டார்.

ஹேமலதாவின் வீடு அஸ்தம்பட்டியில் இருந்தது. அழைப்பு மணியை இரண்டு தடவை அழுத்தினார். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தார். கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். நல்லா இருக்கீங்களா?"

அந்த மலர்ச்சியில் அவருடைய வரிசை கலைந்துபோனது. "என்னை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சார், மறந்துட்டீங்களா? ரெண்டு வருஷம் முன்னாடி, மஞ்சக்குட்டையில தங்கியிருந்தப்ப உங்க வீட்டுக்கு வந்தேனே. நாலு மணி நேரம் பேசினோம். உங்க தங்கச்சிதான் காபி கொடுத்தாங்க."

அவருக்கு நினைவில்லை. எப்படி இருக்கும்? உதயசீலனுக்குக் கஞ்சி ஊற்றிய கதையை அவர் நாற்பது வருஷமாக வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். கலெக்டர் வந்தாலும் சொல்வார், காப்பிக் கொட்டை வாங்க வருகிற வியாபாரிக்கும் சொல்வார். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தை எடுத்துக் காட்டுவார். பங்களாப் படியில் உதயசீலன் நடுவில் நிற்க, சுற்றிலும் எஸ்டேட் ஆட்கள். "நீங்க எங்கீங்க?" என்று கேட்டால், "படம் எடுத்ததே நான்தானே" என்பார்.

ஹேமலதா ஒரு நோட்டைக் கொண்டுவந்து பிரித்தார். "எல்லாம் நீங்க சொன்னதுதான் சார். பாருங்க. 'நெத்தியில ஈரத்துணி போட்டு விடிய விடிய உக்காந்திருந்தேன்.' 'கஞ்சி கொண்டுபோறது எந்தங்கச்சி. போசி ஒரு நாளும் வெறுமையாத் திரும்பினதில்லை. அவ்வளவு பெரிய மனுசன்.' போசியில என்ன வந்துச்சுன்னு கேட்டேன். 'அதெல்லாம் அம்மிணிக்குத்தான் தெரியும்'னு சொல்லிச் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்புதான் சார் நாவலே."

மாரிசாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நோட்டில் இருந்தவை அவருடைய சொற்கள்தான். ஆனால் அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அந்த ஆறு நாளும் அவர் மலைமேலேயே இல்லை. உரம் ஏற்றிவர லாரியோடு கீழே இறங்கியவர், மண் சரிந்ததில் அடிவாரத்தில் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டார். ஏழாம் நாள் மேலே ஏறி வந்தபோது பங்களா பூட்டிக் கிடந்தது. உதயசீலனை அவர் கண்ணால் கண்டதே கிடையாது. ஊரெல்லாம் பார்த்தவரைத் தான் பார்க்கவில்லையே என்ற ஆற்றாமையில் முதல் தடவை ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார். அடுத்த தடவை இன்னொரு வார்த்தை. பத்து வருஷத்தில் அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

"நான் சொன்னது என்னைப் பத்தி," என்றார்.  "நீங்க எழுதினது எந்தங்கச்சியைப் பத்தி."

"பேரை மாத்தியிருக்கேன் சார்."

"மலையை மாத்தலியே. மழையை மாத்தலியே. போசியை மாத்தலியே."

"கதை எழுதறவங்க காதுல விழுந்ததை வெச்சுத்தான் எழுத முடியும்."

"விழுந்ததுல ஒரு பொம்பளைப் புள்ளை இருந்தா கொஞ்சம் யோசிக்கோணுமில்லீங்களா?"

ஹேமலதா நோட்டை மூடினார். "யோசிச்சிருக்கணும். ஆனா சொல்லும்போது உங்களுக்கு அது தோணலையே சார்" என்றார். குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது.

அவரும் கெட்ட பெண்மணி இல்லை. சற்று நேரம் உள்ளே போய் ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அடுத்த பதிப்பில் முதல் பக்கத்திலேயே போடுவதாகச் சொன்னார். "இந்நாவலில் வரும் சம்பவங்கள் எவையும் என் வாழ்வில் நடக்கவில்லை. நடிகரிடமிருந்து எனக்கு எதுவும் வந்ததில்லை." கீழே ராஜேஸ்வரி கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

மாரிசாமிக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது. தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மலையேறினார்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள் ராஜேஸ்வரி சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தாளைக் கட்டில்மேல் வைத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"இத எழுதினது அந்தம்மாவுங்களா?"

"ஆமா."

"கையெழுத்துப் போடச் சொல்றது?"

"நான்தான். ஒரு கையெழுத்து. அதோட எல்லாம் முடிஞ்சுது. நீ எங்கயும் போக வேண்டியதில்லை அம்மிணி."

அவள் தாளை அவர் பக்கமாகத் தள்ளினாள். "போட மாட்டனுங்க."

"பொய்யைப் பொய்யின்னு சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

 அவள் ஒரு சேலையை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். மாரிசாமி காத்திருந்தார். 'ஆமாங்கண்ணா, பொய்தான்' என்று ஒரு சொல் வந்தால் போதும் என்று காத்திருந்தார். வரவில்லை.  அறைக்குள்ளேயே இரண்டு எட்டு நடந்தார், திரும்பினார்.

"அப்போ, அந்தப் போசியில..."

"கேளுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? கேட்டுக்கு அந்தப்பக்கம் நிக்கறவங்க கேக்கறதைத்தானே நீங்களும் கேக்க வந்திருக்கீங்க?"

"நான் உன்ற அண்ணன்!"

"அண்ணன்தான். ஆனா அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

மாரிசாமி நின்றுவிட்டார்.

"அடிவாரத்துல அத்தை ஊட்டுல இருந்தீங்க," என்றாள் அவள், சேலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க நெத்தி தொடச்சு விட்டதாச் சொல்றப்பெல்லாம் நான் பின்னால நின்னு காபி ஆத்திட்டிருப்பேன். படம் எடுத்தது நான்தான்னு சொல்வீங்க. எடுத்தது மேனேஜர் தொரை. நாப்பது வருசத்துல ஒரு நாளாச்சும் எங்கண்ணன் பொய் சொல்றாருன்னு நாலு பேர் முன்னால வாயைத் தொறந்திருப்பனா?"

 அவள் மறந்திருப்பாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"உங்க மரியாதையை நான் அப்படிக் காப்பாத்தினனுங்க. என்ற மரியாதைக்கு மட்டும் எழுத்து வேணுமாக்கும்? ஒண்ணும் வரலைன்னு இன்னைக்கு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு ஒருத்தன் வந்து, சரி, என்ன பேசினீங்கம்பான். அதுக்கும் எழுதோணும். வந்ததும் வராததும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும், அவரு போயிட்டாரு. கட்டினவருக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். இதுல ஊருக்கு என்ன பங்கு? உங்களுக்குத்தான் என்ன பங்கு?"

அப்போது தலைச்சோலை வளைவில் ஹாரன் கேட்டது. ஒன்றில்லை, நாலைந்து. மைக்கில் உதயசீலன் வாழ்க என்ற கோஷமும் வந்தது. அன்றைக்கு அந்த நடிகரின் நினைவு நாள் என்பது மாரிசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜேஸ்வரி எழுந்து சன்னலைச் சாத்தி, சேலை மடிக்க உட்கார்ந்தாள். பழகிப்போன கை. அந்தப் பழக்கத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு நெஞ்சில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

வெளியே போனார். நாற்பது பேருக்குக் குறையாது. முன்னால் மாலை போட்ட பெரிய படத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தாடி வைத்த ஓர் ஆள் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "வணக்கம் ஐயா, நான் ரஞ்சித். சேனல் வெச்சிருக்கேன். இப்ப பதினோராயிரம் பேர் நேரலையில பார்த்துட்டிருக்காங்க. அம்மா வந்து ஒரே ஒரு வார்த்தை. ஆமாவா, இல்லையா? போசியில என்ன வந்துச்சு? அதைச் சொல்லிட்டா நாங்க போயிடறோம்."

"அவ வரமாட்டா. என்னைக் கேளு."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். போனை நேராப் புடி."

ரஞ்சித் குச்சியை உயர்த்தினான். மாரிசாமி வழக்கப்படி ஒரு தடவை செருமினார். கூட்டம் அடங்கவில்லை. அவர் பேசப் பேசத்தான் அடங்கியது.

"என்ற பேரு மாரிசாமி. இந்தக் கதையை அந்த எழுதறவங்களுக்குச் சொன்னது நான். அவங்களுக்கு மட்டுமில்லை, இந்த மலையில என்ற வாயால கேக்காத ஆள் கிடையாது. உங்க நடிகருக்கு நான் கஞ்சி ஊத்தினேன், ஈரத்துணி போட்டேன், படம் எடுத்தேன்னு சொன்னேன். அத்தனையும் பொய். அந்த ஆறு நாளும் நான் அடிவாரத்துல இருந்தேன். அவரை நான் பார்த்ததே இல்லை."

யாரோ பின்னாலிருந்து, "என்னய்யா சொல்றான் இந்த ஆளு?" என்றான்.

"அப்போ ராசாத்தி?" என்றான் ரஞ்சித்.

"பார்க்காதவன் சொன்னதைக் கேட்டு எழுதின கதை. அதுல யாரு வந்தா என்ன, போனா என்ன?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாத் தெரிஞ்சு போயிடுமே."

"அவகிட்டக் கேக்கறதுக்கு உனக்கு உரிமை இல்லை. எனக்கே இல்லை. ஊரை ஏமாத்தினவன் நான். என்ன கேக்கறதா இருந்தாலும் என்னைக் கேளு."

கூட்டத்துக்குக் கோபம் தலைக்கேற நேரம் ஆகவில்லை. திண்டுக்கல்லிலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள். "யோவ் பெருசு, தலைவர் பேரைச் சொல்லி நாப்பது வருஷமாப் பெருமை அடிச்சியா?" என்று ஒருத்தன் கேட்டைப் பிடித்து உலுக்கினான். "நல்லாக் கதை உட்டிருக்குய்யா கெழம்!" என்று இன்னொருத்தன் கத்தினான். படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தவர்களில் மூத்தவன் ஒருத்தன் முன்னால் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"தலைவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. அவர் பேரைக் கெடுத்தீங்க இல்ல? கேளுங்க."

மாரிசாமி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அறியாதவர். எஸ்டேட் முதலாளியிடமே கை கட்டி நின்றதில்லை. மாலை போட்ட அந்தப் படத்தைப் பார்த்தார். இந்த மனிதனால் அல்லவா என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. அடுத்த கணம், பாவம், இவனும் போசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனவன்தானே என்று தோன்றியது.

கை இரண்டையும் கூப்பினார். "தப்புதானுங்க. மன்னிச்சுருங்க" என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார். முதுகு வளைந்தது. பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.

அவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். ஏமாந்தவர்களுக்கு நிற்கப் பிடிப்பதில்லை. போகிற போக்கில் பஸ் நிறுத்தத்துப் பேனரில் இருந்த தங்கள் தலைவர் படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்களாம்.

அவர் உள்ளே திரும்பியபோது ராஜேஸ்வரி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.  "தண்ணி வேணுமுங்களா?" என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் கும்பிட்ட காட்சி அன்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு என்னென்னவோ பாட்டுச் சேர்த்துப் போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் ஏற்காடு கடைவீதியில் இறங்கியபோது டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணா, போன வாரம் ஜனாதிபதிக்கு நீங்கதான் மொட்டை போட்டீங்களாமா?" பெஞ்சே குலுங்கியது. அமீர் ஜான் மட்டும் சிரிக்கவில்லை. மிளகை அளந்துகொண்டே, "உண்மையாவே பார்த்ததில்லீங்களா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை."

"எனக்குத் தெரியுமுங்க. அந்த வாரம் எங்க வாப்பாவும் அடிவாரத்துலதான் மாட்டியிருந்தாரு. உங்களோட சீட்டு ஆடினதாச் சொல்லியிருக்காரு."

"பொறவு ஏன் ஒரு நாளும் கேக்கலை?"

"கேட்டு எனக்கு என்னங்க ஆகப்போகுது?"

ஞாயிற்றுக்கிழமை காயத்ரி வந்தாள். தாயும் மகளும் அடுப்படியில் நெடுநேரம் பேசினார்கள். மாரிசாமி காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். காது வீட்டுப் பக்கமே இருந்தது. நாலு மணி பஸ்ஸுக்குக் காயத்ரி கிளம்பினாள். கையில் அவளுடைய பை ஒன்றுதான் இருந்தது. "வாரனுங்க மாமா. அம்மாவைப் பார்த்துக்குங்க" என்றாள். அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் கேட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை ராஜேஸ்வரி ஒயர்க்கூடையோடு வாசலுக்கு வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

"ஏற்காட்டுக்குப் போயிட்டு வாரனுங்கண்ணா."

எதுக்கு, யாரைப் பார்க்க, எந்த பஸ்ஸில் திரும்புவாய் என்று மூன்று கேள்விகளும் தொண்டைவரை வந்து நின்றன. "சரி அம்மிணி" என்றார்.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தாள். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்தார். அவளை யாராவது அடையாளம் கண்டு மடக்கியிருப்பார்களோ? டீக்கடைப் பெஞ்சில் ஏதாவது சொல்லியிருப்பார்களோ?

ஒரு கார் வந்து கேட்டருகே மெதுவாக நின்றது. அவர் கேட்டுக்கு விரைந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"சார், சேர்வராயன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?"

மாரிசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு வழியை மட்டும் சொன்னார்.